நான் வெட்டிய ஏழரை அங்குலம்

போன மாதம் நடந்த சந்தியாகு நினைவுக் கச்சேரிக்குப் பிறகு என் கைபேசிக்கு வந்துகொண்டிருக்கும் செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். அவருடைய மிகப் புகழ்பெற்ற பாட்டில் யாரோ புதிதாக ஒரு சொல்லைச் சொருகிவிட்டார்களாம். கல்யாண வீட்டிலும் கல்லூரி விழாவிலும் நாற்பது வருடமாக ஊரே பாடிய பாட்டைக் கெடுத்துவிட்டார்களாம். செத்தவர் வாயில் சொல்லைத் திணிப்பது எந்த ஊர் நியாயம் என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான், ஆனால் தலைகீழாகக் கேட்டுவிட்டார். அந்தச் சொல் முதலிலேயே அங்கே இருந்தது. நாற்பது வருடத்துக்கு முன் அதைப் பிளேடால் வெட்டி எடுத்தவன் நான். திரும்ப வைக்கச் சொன்னதும் நான். வானொலி நிலையத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள், "ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க சார், நடந்ததை நீங்களே எழுதிருங்க" என்றார்கள். எழுதுகிறேன். இதில் எனக்குச் சாதகமாக எழுத ஒன்றும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் வானொலி நிலையம் ஒன்றில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் நாசரேத். பாலிடெக்னிக் படித்தேன், வேலை கிடைத்தது, ஆறு மாதம் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள், அங்கே கற்றதில் பாதி ரயிலில் ஊர் திரும்பும்போதே மறந்துபோனது. மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு கோதண்டராமன் சாருக்குக் கீழே போய்ச் சேர்ந்தேன்.

அவர் நிகழ்ச்சி அதிகாரி. கும்பகோணம் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒலிபரப்பப் போகிற எந்த எழுத்துப் பிரதியையும் விரலை வைத்து வாய்விட்டுப் படிப்பார். தெரியாத சொல் வந்தால் அகராதியை எடுக்க மாட்டார். முதலில் சுற்றியிருப்பவர்களைக் கேட்பார், "இது உங்க பக்கத்துச் சொல்லா?" யார் பதில் சொன்னார்களோ அவர்கள் பெயரைச் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவைப்பார். "தப்பா வந்தா உங்களை மாட்டிவிடறதுக்கு இல்ல. அடுத்த தடவை யார்கிட்ட கேக்கணும், யார்கிட்ட கேக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியணும்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வதால் அது வேடிக்கையா மிரட்டலா என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவருடைய இன்னொரு சட்டம், வெட்டிய நாடா குப்பைக்குப் போகக் கூடாது. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு என்பது கால் அங்குல அகலமுள்ள நாடா. ஒரு இருமலை நீக்க வேண்டுமென்றால் அந்த இருமல் இருக்கும் நாடாத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டவேண்டும். வெட்டிய துண்டை எல்லோரும் காலடியில் போடுவார்கள். எங்கள் நிலையத்தில் மட்டும் அதை ஒரு பழுப்புக் கவரில் போட்டு, எத்தனை அங்குலம், ஏன் வெட்டினோம், வெட்டியவர் யார் என்று மேலே எழுதி, நாடாப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைக்க வேண்டும். கோதண்டராமன் சார் சலூன் வைத்திருந்தால் வெட்டின முடியையும் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார் என்று கேன்டீனில் கேலி பேசுவோம். அந்தக் கேலியில் என் பங்கு அதிகம்.

நான் வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம் இருக்கும். இன்னும் நிரந்தரமாக்கவில்லை. ஒரு நாள் காலையில் கடற்கரை ஊரான பெரியதாழையிலிருந்து ஒருவர் நாட்டுப்புறப் பாட்டுக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் ஒரு பிஸ்கட் டின். முப்பது வயதுக்குள்தான். அவர்தான் சந்தியாகு. பாட்டு யார் எழுதியது என்று படிவத்தில் நிரப்பக் கேட்டேன்.

"எழுதல சார். எனக்குக் கையெழுத்துதான் போடத் தெரியும். கட்டுனது நான்தான்."

"ஊர்ல இதப் பாடியிருக்கீங்களா?"

"இல்ல சார். இது புதுசு. இங்கனதான் மொதல்ல பாடப் போறேன்."

ஸ்டுடியோவுக்குள் விட்டதும் நாலு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடல் எந்தப் பக்கம் சார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கதவுக்கு எதிர்ப்பக்கம் கிழக்கு என்றேன். அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மைக் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மனிதரைத் திருப்ப முடியாது என்று தெரிந்ததால் மைக்கைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னால் வைத்தேன். டின்னில் தட்டிக்கொண்டு ஒரே மூச்சில் பாடினார்.

ரெண்டு பேரு போன மரம்
ஒத்தையாளாத் திரும்புது
கோத்த கையப் பிரிச்சதாரு?
நீவாடு... நீவாடு...

கடைசி வரி வரும்போது மட்டும் டின்னில் தட்டுவதை நிறுத்திவிடுவார். 'நீ' என்று இழுத்துக்கொண்டே போய், சின்னதாக மூச்சு வாங்கி, 'வாடு' என்று இறக்குவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குக் கையில் மயிர்க்கால் நட்டுக்கொண்டது. பாடி முடித்ததும், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாட்டு எதைப்பற்றி என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாட்டின் வரிகளை எழுத்தில் பார்க்காமல் ஒலிபரப்ப விடமாட்டார்கள். சந்தியாகுவுக்கு எழுதத் தெரியாது என்பதால் நாடாவைக் கேட்டுக் கேட்டு நானே எழுதினேன். கடைசி வரியை 'நீ, வாடு' என்று எழுதினேன். நடுவில் ஒரு காற்புள்ளி வேறு போட்டேன்.

கோதண்டராமன் சார் விரலை அந்தக் காற்புள்ளியில் நிறுத்தினார்.

"எட்வின், இங்க யாரைப் பார்த்து 'வாடு'ன்னு சொல்றார்?"

"கையைப் பிரிச்சவனைப் பார்த்து சார். நீ வாடிப் போன்னு சாபம் விடுதாரு."

"உங்க பக்கத்துல இப்படிச் சொல்றதுண்டா?"

"உண்டு சார். கடக்கரையில கோவம் வந்தா இப்படித்தான்."

"நிச்சயமா? சந்தேகம் இருந்தா சொல்லுங்க. அவருக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டுடலாம். ஒரு வாரம் தள்ளிப்போனா ஒண்ணும் ஆயிடாது."

"வேண்டாம் சார். எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது. கடற்கரையில் கோபம் வந்தால் எப்படிப் பேசுவார்கள் என்பதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நாசரேத்திலிருந்து பெரியதாழை பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைப் பள்ளிக்கூடக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் கடந்திருக்கிறேன், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. எங்களுக்குக் கடல் என்றால் மீன் வரும் இடம், அவ்வளவுதான். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கின எனக்கு, தமிழில் தெரியாத சொல் ஒன்று பக்கத்திலேயே இருக்கும் என்று தோன்றவே இல்லை. போதாததற்கு, 'யாரைக் கேட்கக் கூடாது' பட்டியலில் என் பெயர் வந்துவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது.

"வானொலியில யாரும் யாரையும் சபிக்கக் கூடாது. ஆனா இந்தக் குரலை விடவும் மனசில்ல. 'வாடு'வை மட்டும் எடுத்துடுங்க. 'நீ' இருக்கட்டும்" என்றார் கோதண்டராமன் சார்.

எடுத்தேன். எப்படி என்று சொல்லவேண்டும், ஏனென்றால் பிற்பாடு பலரும் அதைச் சந்தியாகுவின் மேதைமை என்று எழுதியிருக்கிறார்கள். நாடாவின் இரண்டு சக்கரத்தையும் கையால் முன்னும் பின்னும் மெதுவாக உருட்டினால் பாட்டு மிருகம் உறுமுவது போல் கேட்கும். அந்த உறுமலில் 'நீ' முடிந்து மூச்சு வாங்கி 'வா' தொடங்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, மஞ்சள் மெழுகுப் பென்சிலால் நாடாவின் முதுகில் ஒரு கோடு. 'டு' முடியும் இடத்தில் இன்னொரு கோடு. நாடாவை அலுமினியக் கட்டையின் பள்ளத்தில் படுக்கவைத்துச் சாய்வாக வெட்டவேண்டும். நேராக வெட்டினால் ஒட்டின இடம் 'டொக்' என்று கேட்கும். எங்கள் இயந்திரத்தில் ஒரு வினாடிக்கு ஏழரை அங்குல நாடா ஓடும். 'வாடு' சரியாக ஒரு வினாடி இருந்தது. ஏழரை என்றாலே முகம் சுளிக்கும் ஊரில் எனக்கு வந்த ஏழரை இதுதான்.

வெட்டி அப்படியே ஒட்டினால் அடுத்த வரி முந்திக்கொண்டு வந்துவிடும். அதனால் அதே ஸ்டுடியோவில், ஆள் இல்லாதபோது, வெறும் அறையைப் பதிவு செய்து, அதில் ஏழரை அங்குலம் வெட்டி அந்த இடத்தில் வைத்தேன். இரண்டு இடம், இரண்டு துண்டு. வெட்டிய துண்டுகளைக் கவரில் போட்டேன். கவர் மேல் எழுதவேண்டியதைக் கோதண்டராமன் சாரே எழுதி ஒட்டினார். நான் படித்துப் பார்க்கவில்லை. அந்த வேலை சுத்தமாக வந்ததில் எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை.

கோத்த கையப் பிரிச்சதாரு? நீ... நீ...

பாட்டு வெளியான பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். நேயர் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. கேசட் வந்தது, பஸ்ஸில் ஓடியது, டீக்கடையில் ஓடியது. காதலில் பிரிந்தவர்களெல்லாம் அதைத் தங்கள் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். சந்தியாகு கடலுக்குப் போவதை விட்டுவிட்டு மேடைக்குப் போனார். பிறகு அவர் கட்டிய பாட்டுகள் நூறுக்கு மேல், எல்லாமே பேர் வாங்கியவை. ஆனாலும் எங்கே போனாலும் கடைசியில் இதைக் கேட்காமல் ஜனம் எழுந்திருக்காது. 'நீ'க்குப் பிறகு வரும் அந்த மௌனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அது எங்கள் ஸ்டுடியோ ஏ.சி.யின் மௌனம்.

ஏழெட்டு மாதம் கழித்து மீனவர் நிகழ்ச்சிக்காகப் பெரியதாழைக்குப் போனேன். ஒரு பெரியவரிடம் மைக்கை நீட்டி, இன்றைக்கு ஏன் யாரும் கடலுக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

"நீவாடு சரியில்ல. தெக்க இழுக்குது" என்றார்.

"என்னது?"

"நீவாடு வே. கடலுக்குள்ள ஓடுத தண்ணி. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, ஆள அப்படியே கொண்டுட்டுப் போயிரும்லா."

நீரோட்டம். ஒரே சொல். அதில் காற்புள்ளியும் இல்லை, சாபமும் இல்லை. கோத்த கையைப் பிரித்தது யார் என்று கேட்டுவிட்டு, நீரோட்டம், நீரோட்டம் என்று சந்தியாகு பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு யாருக்காகக் கட்டினது என்று பெரியவரிடமே கேட்டேன்.

"அவன் தம்பி தொம்மைக்குலா. தொம்மையும் சிலுவையும் ஒரே கட்டுமரத்துல போனானுவ. மரம் கவுந்து, ரெண்டு பேரும் கையக் கோத்துக்கிட்டு மெதந்திருக்கானுவ. சிலுவ மட்டும் கரைக்கு வந்தான். தண்ணிதான் இழுத்துட்டுன்னு சொன்னான், நாங்களும் நம்பினோம். பெறவு ரேடியோவுல பாட்டு வந்துட்டே. 'பிரிச்சதாரு, நீ, நீ'ன்னு. கூடப் போனவன் அவன் ஒருத்தன்தானே. கூடப் பொறந்தவனே சொன்ன பெறவு என்னத்த நம்ப? சிலுவ இப்ப ஊர்ல இல்ல. பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு மாப்பிள்ளையூரணிப் பக்கம் போயிட்டான். உப்பளத்துல கெடக்கான்."

அன்று நிலையத்துக்குத் திரும்பியதும் கோதண்டராமன் சார் அறை வாசல் வரை போனேன். உள்ளே விரலை வைத்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். என் நிரந்தர உத்தரவு வர ஆறு வாரம் இருந்தது. வாசலிலிருந்து திரும்பிவிட்டேன். உத்தரவு வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உத்தரவு வந்தது. கேசட் வந்துவிட்டதே, இனி என்ன செய்ய என்று நினைத்தேன். அவருக்கு மாற்றலும் வந்தது. வழியனுப்பு விழாவில் மாலையை வாங்கிப் போட்டவனே நான்தான். அன்றைக்கும் சொல்லவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இரண்டாவது பாட்டுப் பதிய வந்த சந்தியாகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அந்தப் பாட்டுல என் சொல்லு ஒண்ணு காணலியே" என்று கேட்டார். கோபமாக இல்லை, தொலைந்த செருப்பை விசாரிப்பது போலத்தான் கேட்டார். அப்போது எனக்கு எல்லாம் தெரியும்.

"நாடாவுல ஒரு கோளாறு அண்ணாச்சி" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கோளாறுதான் சனத்துக்குப் புடிச்சிருக்கு போல. மேடையில அந்தச் சொல்லோட பாடுனா முழிக்கானுவ. சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய்க் கிழக்கே திரும்பி நின்றார். அதற்குப் பிறகு சாகும்வரை மேடையில் 'நீ, நீ' என்றுதான் பாடினார். ஊரில் சிலுவையைப் பற்றிப் பேசியது அவர் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது. ஏன் திருத்தவில்லை என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். தம்பியைப் பறிகொடுத்தவனுக்கு, தண்ணீரைக் குற்றம் சொல்வதைவிட ஒரு ஆளைக் குற்றம் சொல்வது ஆறுதலாக இருந்ததோ என்னவோ. அவரைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அவர் கையில் பொய்யைக் கொடுத்தவன் நான்.

நான் ஓய்வு பெற்றேன். போன வருடம் சந்தியாகு இறந்துபோனார். முதலாண்டு நினைவுக்குத் தூத்துக்குடியில் பெரிய கச்சேரி ஏற்பாடானது. தொடக்கத்தில் அவருடைய முதல் ஒலிப்பதிவையே போடவேண்டும், அதன் பிறகு மற்றவர்கள் பாடவேண்டும் என்று திட்டம். பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருக்கும் முத்துச்செல்வி என்னைக் கூப்பிட்டாள். இந்தக் காலத்துக் கணினி வேலையைப் பற்றி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வெட்டினதைத் திரும்பக் கொண்டுவர அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. எனக்கு அது இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருந்திருக்காது.

போனபோது பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். நான் போட்ட ஒட்டுகள் காய்ந்து, நாடா அந்த இடங்களில் தானாகவே விட்டுப்போயிருந்தது. பழுப்புக் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"'நீ, வாடு. சாபச் சொல். இரண்டு இடம். ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம். சொல்லின் பொருளை எட்வின் உறுதி செய்தார்.' சார், இந்த எட்வின் நீங்களா?"

சிவப்புப் பென்சில் கொஞ்சம்கூட மங்கவில்லை. நான்தான் என்றேன்.

"நீ வாடுன்னா என்ன சார்? கவர்ல சாபம்னு போட்டிருக்கு, பாட்டக் கேட்டா அப்படித் தெரியலியே. எனக்கு இந்தச் சொல்லு தெரியாது. இருங்க, எங்கூடப் படிச்சவ ஒருத்தி மணப்பாடு, கடக்கரைக்காரி, அவளக் கேக்கேன்" என்று போனை எடுத்தாள். இரண்டு நிமிடத்தில் விடை வந்துவிட்டது.

எனக்கு இந்தச் சொல் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு மூச்சுக்கூடப் பிடிக்கவேண்டியிருக்கவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

கச்சேரியை நடத்துவது சந்தியாகுவின் மகள் ஸ்டெல்லா. பள்ளிக்கூட ஆசிரியை. நடந்ததைச் சொல்லி, அந்தச் சொல்லைத் திரும்ப வைக்கவேண்டும் என்று கேட்டபோது முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க அப்பா நாப்பது வருசம் அப்படித்தான் பாடுனாவ சார். அவுகளுக்குத் தெரியாத சொல்லா? சனங்க கேக்கப் போறது அந்தப் பாட்டத்தான். அத மாத்தி, அப்பா இத்தன நாளும் தப்பாப் பாடுனாவன்னு மேடையில நானே சொல்லணுமா?"

"தப்பு என்னோடதும்மா. அப்படியே சொல்லுங்க, என் பேரச் சொல்லியே சொல்லுங்க."

நான் வெட்டிய துண்டுகளை முத்துச்செல்வி திரும்பச் சேர்த்துப் பதிந்திருந்தாள், அதைப் போட்டுக் காட்டினாள். ஸ்டெல்லா கேட்டுக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் மெல்லச் சொன்னார்.

"கல்லறைத் திருநாள் அன்னைக்கு எங்க சித்தப்பாவுக்கு மெழுகுவத்தி ஏத்த கல்லறை கெடையாது. அப்பா தனியா கடக்கரைக்குப் போவாவ. சின்னப் பிள்ளையில ஒரு தடவ பின்னாலயே போனேன். தண்ணியப் பாத்து நின்னு இதத்தான் பாடுனாவ, இப்படியேதான், நீவாடுன்னு. அப்பாவுக்குப் பாட்டு மறந்துட்டு போலன்னு நெனச்சேன் சார்."

வெட்டாத பதிவையே போடலாம் என்று அவர்தான் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். மேடையில் போடுவதற்கு முன் சிலுவை அதைக் கேட்கவேண்டும், என் வாயால்தான் அவருக்கு விஷயம் தெரியவேண்டும்.

மாப்பிள்ளையூரணியில் விசாரித்துப் போனோம். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. சிலுவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியிருக்கும். சந்தியாகு கச்சேரி விஷயமாக வந்திருக்கிறோம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதுல எனக்கென்ன சார் இருக்கு. அவன் பாட்டு ஓடுத பஸ்ஸுல ஏறுனா நான் எறங்கிருவேன். நாப்பது வருசமா அதுதான்."

"ஒரு தடவ கேளுங்க அண்ணாச்சி. இது வேற."

முத்துச்செல்வி கைபேசியை அவர் காதுப் பக்கம் பிடித்தாள். 'பிரிச்சதாரு' வரும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன், அடி விழுவதற்கு முன் மூடுவது போல. 'நீவாடு' வந்தது. கண்ணைத் திறந்தார். இரண்டாவது தடவையும் வந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்று தடவை கேட்டார்.

"ஏலே சந்தியாகு" என்றார், எதிரில் ஆள் இருப்பது போல. "சொல்லியிருக்கியலே. பெறவு எதுக்குல மாத்துன?"

"மாத்துனது அவரு இல்ல அண்ணாச்சி. நான்." எல்லாவற்றையும் சொன்னேன். காற்புள்ளியையும், கார்டு போடலாம் என்று சார் சொன்னதையும், எனக்குத் தெரியும் என்று நான் சொன்னதையும், தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் விடாமல் சொன்னேன்.

நான் முடித்ததும் கேட்டார். "உங்களுக்கு எந்த ஊரு சார்?"

"நாசரேத்து."

"அங்கனயிருந்து பெரியதாழைக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

"பஸ்ஸுல ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரந்தான" என்றார். "கேட்டிருக்கலாம்லா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. கச்சேரிக்கு வாருங்கள் என்றும் கூப்பிட்டேன். நாங்கள் கிளம்பும்போது, தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "இந்தக் கைக்குத் தெரியும் சார். ஆனா கை சொன்னா யாரு கேக்கா" என்றார்.

கச்சேரி ஐந்தரை மணிக்கு. அரங்கம் நிரம்பி, படிகளிலும் ஆள். பெரியதாழையிலிருந்து மூன்று வேன் நிறைய வந்திருந்தார்கள். நான் நடுவில் ஓரத்து நாற்காலியில் இருந்தேன். விளக்கை அணைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தால், தேய்த்த வெள்ளைச் சட்டையில் சிலுவை.

ஸ்டெல்லா மேடைக்கு வந்து, "நீங்க கேக்கப் போறதுதான் எங்க அப்பா மொதல்ல பாடுனது. வானொலியில ஒரு சொல்லு விட்டுப்போச்சு. வெட்டுனவங்க எட்வின் சார், எடுத்துக் கொடுத்ததும் அவங்கதான். கூட்டத்துல இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பிஸ்கட் டின் சத்தம் கேட்டதும் கூட்டம் கைதட்டியது. முதல் வரியிலிருந்தே எல்லோரும் கூடவே பாடினார்கள், ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும். கோத்த கையப் பிரிச்சதாரு. நீ என்று இழுத்தார்கள். இழுத்துவிட்டு, நாற்பது வருடப் பழக்கத்தில், அந்த மௌனத்துக்காக மொத்த அரங்கமும் நிறுத்தியது.

அந்த அமைதியில் சந்தியாகுவின் குரல் தனியாக வந்தது. வாடு.

எங்கோ ஒரு சலசலப்பு. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன அது என்று கேட்டது தெரிந்தது. இரண்டாவது தடவை 'நீ' வந்தபோது அரங்கம் தயங்கியது. ஆனால் இடதுபக்கம் பெரியதாழைக்காரர்கள் இருந்த இடத்திலிருந்து, கிழவர்களும் பெண்களுமாக ஒரு குரல் கிளம்பி அவரோடு சேர்ந்தது. நீவாடு. அவர்கள் யாருக்கும் அந்தச் சொல்லை விளக்கவேண்டியிருக்கவில்லை. அதற்குள்ளாகவே வேனில் வந்தவர்களில் ஒரு வயதான பெண் எழுந்து, இருட்டில் முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். சிலுவை கையைத் தூக்கிக் காட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் எழுந்துவிட்டார்.

"இருங்க அண்ணாச்சி. இன்னும் இருபது பாட்டுக்கு மேல இருக்கு."

"மத்த பாட்டுல எனக்கென்ன சோலி சார்" என்றார்.

நானும் எழுந்து பின்னாலேயே போனேன். வெளியே படி இறங்கும் இடத்தில் வெளிச்சம் போதவில்லை. முதல் படியில் நின்று காலால் துழாவினார். பிறகு என் பக்கம் பார்க்காமலேயே, "கையக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். உப்பில் வேலை பார்த்த கை, சொரசொரவென்று இருந்தது, பிடி இறுக்கமாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு படிகள். கடைசிப் படிவரை பிடித்திருந்தார். தரையில் கால் வைத்த பிறகு அவராகவே விட்டார்.